மைனஸ் நான்கு ஏற்கத்தக்கதல்ல

மைனஸ் நான்கு என்று ஓர் எண்ணே உலகத்தில் கிடையாது என்பதுபோல, அதன் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு கிழித்து, பக்கத்தில் ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று எழுதி, அதற்கடியில் சுருக்கொப்பமும் போட்டிருந்தார் கணக்குத் தாளைத் திருத்திய அந்த மகானுபாவர். விடைத்தாளின் நகல் தபாலில் வந்த அன்று லிஃப்ட் அக்கா முதலில் பார்த்தது அந்த வரியைத்தான். பிறகு மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தாள். முப்பத்து மூன்று. பாஸாக வேண்டுமானால் முப்பத்தைந்து.

ஏற்கத்தக்கதல்லவாம்! பதினோரு வருடமாக அவள் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் சர்வீஸ் லிஃப்ட் ஓட்டுகிறாள். தரைக்கு மேலே பதினெட்டு மாடி, தரைக்குக் கீழே நான்கு. மைனஸ் ஒன்றிலும் இரண்டிலும் கார்கள் நிற்கின்றன. மைனஸ் மூன்றில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும். மைனஸ் நான்கில் ஜெனரேட்டர். அப்படி ஓர் இடமே இல்லையென்றால், தினமும் காலை எட்டு மணிக்கு எண்ணெய்க் கறை சட்டையோடு வருகிற ஜெனரேட்டர்காரரை அவள் எங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறாளாம்? மின்சாரம் போனால் பதினெட்டு மாடிக்கும் விளக்கு எரிவது அந்த இல்லாத இடத்திலிருந்துதானே!

இதை அவள் ஜெனரேட்டர்காரரிடம் சொன்னாள். துப்புரவுப் பெண்களிடம் சொன்னாள். தபால் கட்டோடு ஏறியவரிடம், ஏழாவது மாடியில் அவர் இறங்குவதற்குள் முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். “ஒரு வாத்தியாரு இருக்காருங்க. மைனஸுன்னா பேய்னு நினைச்சுக்கிட்டு ஓடுறாரு” என்று தொடங்கினால் நிறுத்தமாட்டாள். அவள் வாய்க்கு அந்தக் கட்டடமே பயப்படும். ஆளைப் பார்த்த மூன்றாவது நிமிடம் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவாள். அந்தப் பெயர் அந்த ஆள் ஓய்வு பெறும்வரை கூடவே போகும்.

வெறும் வீம்புக்காக அவள் பரீட்சை எழுதவில்லை. பதினோரு வருடம் நின்றே வேலை பார்த்ததில் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்துக்கொண்டிருந்தது. லிஃப்டுக்குள் உட்காரக் கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. ஆபரேட்டர் உட்கார்ந்தால் கட்டடத்தின் மரியாதை போய்விடுமாம். இனியும் இப்படி நின்றால் காலில் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் தள மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். அந்த வேலைக்கு ஒரு மேசை உண்டு, ஒரு நாற்காலி உண்டு. எந்தப் பம்ப் எப்போது மூச்சுத் திணறும், எந்தக் கதவு எந்த மாதம் முரண்டு பிடிக்கும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் அங்கே கிடையாது. ஆனால் பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருக்க வேண்டும். மற்றப் பாடங்களையெல்லாம் தனித்தேர்வராக எழுதித் தாண்டிவிட்டாள். கணக்கு ஒன்றுதான் காலை வாரியது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சான்று கொடுக்காவிட்டால் நாற்காலி மேனேஜரின் மச்சினனுக்கு.

அந்த மச்சினன் வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் மைனஸ் மூன்றை அழுத்திவிட்டு, லிஃப்ட் கீழே போகிறது, ஏதோ கோளாறு என்று அலறிக்கொண்டு போன் செய்த அறிவாளி அவன். அவன் பத்தாவது பாஸ்.

மகள் போன வருடம் படித்துத் தூக்கிப்போட்ட கணக்குப் புத்தகத்தை அவள் லிஃப்டின் பக்கவாட்டுச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு படித்தாள். ஆள் ஏறினால் மூடுவாள், இறங்கினால் திறப்பாள். இருபடிச் சமன்பாடு பாடத்துக்கு வந்தபோது ஒரு வாரம் ஒன்றும் ஓடவில்லை. ஒரு கேள்விக்கு இரண்டு விடை என்றால் அது என்ன கேள்வி? சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொன்னாள் மகள். “புரியாம எதுக்குடி மனப்பாடம்? நான் என்ன டேப் ரெக்கார்டரா?” என்று அவளையும் ஒரு பிடி பிடித்தாள்.

ஒரு நாள் தானாகப் புரிந்தது. சர்வீஸ் லிஃப்டுக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. இரண்டில் எது திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. இரண்டு எண்களைப் பெருக்கினால் பூஜ்யம் வருகிறது என்றாலும் அதே கதைதான்: இரண்டில் ஏதோ ஒன்று பூஜ்யமாக இருந்தாக வேண்டும். அதனால்தான் சமன்பாட்டை ஒரு பக்கமாகக் கொண்டுவந்து, மறுபக்கத்தில் பூஜ்யத்தை வைத்து, காரணிகளாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். பிரித்தால் இரண்டு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு மூலம். வேலை முடிந்தது! புத்தகம் எழுதியவர் இதைச் சொல்லாமல் பதினாறு பக்கம் எதற்காக வளவளத்தார் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பரீட்சையில் வந்த கேள்வி இதுதான்: அடுத்தடுத்த இரண்டு முழுக்களின் பெருக்கற்பலன் 12 எனில் அவற்றைக் காண்க. முழுக்கள் என்றால் பூஜ்யத்துக்கு மேலே உள்ளவை, கீழே உள்ளவை எல்லாமே அடக்கம். x-ஐயும் x + 1-ஐயும் பெருக்கினால் 12 என்று எழுதினாள். x² + x − 12 = 0 என்று மாற்றினாள். (x + 4)(x − 3) = 0 என்று பிரித்தாள். x = 3 என்றால் மூன்றும் நான்கும். x = −4 என்றால் மைனஸ் நான்கும் மைனஸ் மூன்றும். ஜெனரேட்டரும் பம்பும்! பரீட்சை அறையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். அந்த விடையைத்தான் அந்த ஆள் அடித்து, ஐந்துக்கு மூன்று போட்டிருந்தார்.

மறுபார்வைக்கு விண்ணப்பித்தாள். தாளை முழுவதும் மறுபடி பார்ப்பார்கள், மதிப்பெண் கூடலாம், குறையலாம், சம்மதமா என்று ஒரு படிவம் வந்தது. கையெழுத்துப் போட்டாள். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள்.

தேர்வு அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது என்று அட்டை மாட்டியிருந்தார்கள். அட்டையே நைந்துபோயிருந்தது, லிஃப்டைப் பழுது பார்ப்பதற்குப் பதிலாக அட்டையைத்தான் இரண்டு மூன்று தடவை மாற்றியிருப்பார்கள்போல. “அந்த வாத்தியாரை இன்னைக்கு ஒரு கை பார்த்துட்டு வரேன்” என்று கணவரிடம் சொல்லிவிட்டு, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். டயர் கடைக்குப் போக வேண்டிய மனிதர், அவளுக்காக அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, வண்டியோடு வாசலில் நின்றார்.

மேலே அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் அவளைப்போலத் தோற்றவர்கள் ஏழெட்டுப் பேர். அறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்ததால் அது பாதி திறந்தே கிடந்தது. உள்ளே பேசுவது வெளியே நன்றாகக் கேட்டது. அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். தலைமைத் திருத்துநர் ஆள் பருமனாக, பெரிய ஃப்ளாஸ்க் ஒன்றைக் கைக்குழந்தைபோல் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஃப்ளாஸ்க் என்று பெயர் வைத்தாள். இன்னொருவர் ஒல்லி. கழுத்துப்பட்டி நைந்த சட்டை, ஆனால் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டது. விரல் நுனியில் சிவப்பு மை. ஆக, கோடு கிழித்த கை அதுதான். அவருக்குக் கோடு என்று பெயர் வைத்தாள்.

“என்னம்மா பிரச்சினை?” என்றார் ஃப்ளாஸ்க்.

“எனக்கு ஒண்ணும் இல்லைங்க சார். மைனஸ் நாலுக்குத்தான் பிரச்சினை. அடிச்சே கொன்னுட்டாங்க.”

ஃப்ளாஸ்க் தாளைப் பார்த்தார், விடைக்குறிப்பைப் பார்த்தார். “குறிப்புல மூணு, நாலுன்னுதான் இருக்கு. நீங்க அதோட கூடுதலா ஒண்ணை எழுதியிருக்கீங்க. தப்பான விடையைச் சேர்த்து எழுதினா ரெண்டு குறைக்கணும்.”

“தப்புன்னு யாரு சார் சொன்னது?”

“நெகட்டிவா வந்தா தள்ளிடணும்மா. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். இருபத்தாறு வருஷமா அப்படித்தான் தள்ளிக்கிட்டிருக்கோம்.”

“இருபத்தாறு வருஷமாவா! எத்தனை பேரைத் தள்ளியிருப்பீங்க?”

பெஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அது போதாதா அவளுக்கு? குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

“தோட்டத்தோட அகலம் கேட்டா தள்ளுங்க. ஒருத்தரோட வயசு கேட்டா தள்ளுங்க. மைனஸ் நாலு வயசுல யாரும் இல்லை, ஒத்துக்கிறேன். இங்க வெறும் எண்ணைத்தானே கேட்டிருக்கு? மைனஸ் நாலையும் மைனஸ் மூணையும் பெருக்கிப் பாருங்க. கால்குலேட்டர் பக்கத்துலயே இருக்கு, ஓடிப்போயிடாது.”

ஃப்ளாஸ்க் பெருக்கினார். பன்னிரண்டு வந்தது. அழித்துவிட்டு மறுபடி பெருக்கினார். அப்போதும் பன்னிரண்டுதான் வந்தது. இருபத்தாறு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், இரண்டு மைனஸைப் பெருக்கினால் ப்ளஸ் என்பதை ஒரு கையடக்கக் கருவியிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தார்.

ஒல்லி வாத்தியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். “அன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்துச்சு சார். உங்ககிட்ட கேட்டேன். குறிப்புப்படியே போடச் சொன்னீங்க.”

ஃப்ளாஸ்க் ஜன்னலைப் பார்த்தார். லிஃப்ட் அக்கா விடுவாளா?

“சந்தேகம் வந்தா தீர்த்துக்கணும் சார், கோடு கிழிக்கக் கூடாது. ஆமா, நீங்க இந்தக் கணக்கை எந்தக் கடையில வாங்கினீங்க? உங்களை ஏமாத்திட்டான். பாதிதான் கட்டிக் குடுத்திருக்கான். போய் மீதியைக் கேட்டு வாங்கிட்டு வாங்க.”

பெஞ்சு முழுவதும் வெடித்துச் சிரித்தது. ஒருவர் கைதட்டவே செய்தார். ஒல்லி வாத்தியாரின் காது சிவந்தது. பேனா மூடியைத் திருகித் திறந்தார். சிவப்புப் பேனா இல்லை. மறுபார்வைக்குப் பச்சைப் பேனா. மூன்றை அடித்து ஐந்து என்று எழுதினார்.

முப்பத்தைந்து! அவளுக்கு நாற்காலியே கண்ணில் தெரிந்தது.

“விதிப்படி முழுத் தாளையும் ஒருதடவை பார்த்துடுங்க” என்றார் ஃப்ளாஸ்க், இந்த வாயாடி சீக்கிரம் போய்த் தொலைந்தால் சரி என்ற குரலில். ஒல்லி வாத்தியார் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கணக்கிலும் பச்சை முனையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். அவள் எதிரே உட்கார்ந்து தன் தாளையே தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகல் வந்த நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் சிவப்புக் கோடு விழுந்த பக்கங்களைத்தான். சரி போட்டிருந்ததை யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்?

ஏழாவது பக்கம். தீர்க்க: x² = 5x. இரண்டு மதிப்பெண் கேள்வி. இரண்டு பக்கமும் x இருக்கிறதே, எதற்கு வீண் சுமை என்று இரண்டிலும் ஒவ்வொரு x-ஐ நீல மையால் அடித்திருந்தாள். x = 5. பக்கத்தில் ஒரு சரிக்குறி. இரண்டுக்கு இரண்டு.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

ஒரு பக்கமாகக் கொண்டுவந்திருந்தால் x(x − 5) = 0. இரண்டு கதவு. ஒன்றில் ஐந்து. இன்னொன்றில் பூஜ்யம். போட்டுப் பார்த்தாலும் பூஜ்யத்தின் வர்க்கம் பூஜ்யம், ஐந்து பூஜ்யமும் பூஜ்யம், பொருந்துகிறது. அந்த மூலத்தை அவள் தன் கையாலேயே அடித்திருந்தாள். அவள் கிழித்த நீலக் கோடு வாத்தியாரின் சிவப்புக் கோட்டைவிட நேராக இருந்தது. அவருக்காவது சந்தேகம் வந்ததாம், மேலிடத்தில் கேட்டாராம். இவளுக்கு அதுகூட வரவில்லை. யாரும் கூப்பிடாதபோது லிஃப்ட் தானாகவே தரைத்தளத்துக்கு வந்து நின்றுவிடும். பதினோரு வருடத்தில் அதற்கான பூஜ்யப் பொத்தானுக்கு அவள் விரல் போனதே அபூர்வம். நாள் முழுக்க நிற்கிற தளம் அதுதான், அது அவள் கணக்கில் வரவில்லை.

ஒரு மூலம் விட்டால் ஒரு மதிப்பெண் போகும். முப்பத்து நான்கு. நாற்காலி மச்சினனுக்கு.

பச்சைப் பேனா அந்த ‘2’ பக்கத்தில் வந்து நின்றது. புள்ளி வைக்கவில்லை. நகரவும் இல்லை. ஒல்லி வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கையைப் பார்த்தார். அவர் பார்த்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்கும் தெரிந்தது.

சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று இப்போதுதானே ஊர் கேட்க முழங்கினாள்? ஏழு மாடிக்குள் ஒரு கதையைச் சொல்லி முடிக்கிற வாய் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

வாத்தியார் ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தைத் திருப்பினார்.

இல்லை, அவர் பார்த்திருக்கமாட்டார் என்று அவசரமாக நினைத்துக்கொண்டாள். மைனஸே தெரியாத ஆளுக்குப் பூஜ்யம் எங்கே தெரியப்போகிறது? அரைவேக்காடு. பேனா எழுதவில்லை, அதனால் நின்றிருப்பார். இப்படி நினைத்ததும் மூச்சு கொஞ்சம் சீரானது. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். ஃப்ளாஸ்க் முத்திரை குத்திச் சான்றுச் சீட்டைக் கிழித்து நீட்டினார். முப்பத்தைந்து, தேர்ச்சி.

அடுத்த எண்ணைக் கூப்பிட ஒல்லி வாத்தியாரும் எழுந்து அவளோடு கதவுவரை வந்தார். வெளியே கேட்காத குரலில் சொன்னார்: “பூஜ்யத்தையும் தள்ளக் கூடாதும்மா.”

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவள் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். பாடம் நடத்துகிறவர் அடுத்த வரியைச் சொல்வதுபோலச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு வெளியே பார்த்து “எட்டு” என்று கூப்பிட்டார்.

பெஞ்சு எழுந்து நின்று அவளை வரவேற்றது. “அக்கா, கிழிச்சு எடுத்துட்டீங்க!” “அந்தக் கடை விஷயம் இருக்கே, அதுதான் டாப்பு!” எட்டாம் எண்காரர் ஒரு தையல்காரர், கழுத்தில் இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். அவர் வாங்கியிருந்தது நூற்றுக்குப் பன்னிரண்டு. பாதித் தாளுக்குமேல் அவர் எழுதவே இல்லை என்று அவரே சற்றுமுன் பெஞ்சில் சொல்லியிருந்தார். இப்போது அக்காவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அவள் படிக்கட்டுத் திருப்பத்துக்கு வருவதற்குள் அவர் குரல் கேட்டது. “சார், நீங்க கணக்கை எந்தக் கடையில வாங்கினீங்க?”

பெஞ்சு சிரித்தது. முன்பைவிட அதிகமாகவே சிரித்தது.

“உட்காருங்க. தாளைப் பார்ப்போம்” என்றது ஒல்லி வாத்தியாரின் குரல்.

“என்னத்தைப் பார்ப்பீங்க? பாதியைத்தானே பார்ப்பீங்க!”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் போய், ‘யோவ், நிறுத்து, அந்த மனுஷனுக்குக் கணக்கு தெரியும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தையல்காரர் வாயை மூடிக்கொள்வார். அவள் சொன்னால் அந்தப் பெஞ்சே கேட்கும். ஆனால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். ஒல்லி வாத்தியார் கேட்கமாட்டார், ஃப்ளாஸ்க் கேட்பார். ஏழாவது பக்கம் திறக்கும். கூசிப்போய் நின்றாள். தான் வைத்த பெயர்களில் எதுவும் அந்த மனிதருக்குப் பொருந்தவில்லை, எல்லாம் திரும்பி வந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்கிறது என்று தோன்றியது. உள்ளே தையல்காரர் இன்னும் ஏதோ சொன்னார். பெஞ்சு மறுபடி சிரித்தது. அவள் சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, கீழே இறங்கத் தொடங்கினாள்.

கணவர் வாசலில் வண்டியின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். “என்னாச்சு?”

“பாஸ்.”

அவருக்கு வாயெல்லாம் பல். ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். “அதுசரி, அந்த ஆளை ஒரு கை பார்த்தியா?”

“பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.